வளர்மதியைக் காட்டிக்கொடுத்த தாள்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. யூனிஃபார்ம் காயவில்லை. அயர்ன் பாக்ஸ் வைத்தே காய வைத்துப் போட்டுக்கொண்டேன். காலர் மட்டும் நாள் முழுக்க ஈரம்.

எட்டு மணிக்கே எஸ்.பி. கூப்பிட்டார். உள்ளே போனதும், "கதவச் சாத்துங்கம்மா." அப்போதே தெரிந்தது, பெரிசு ஏதோ.

விஷயம் இது. வளர்மதி என்று ஒரு எஸ்.ஐ. வயது முப்பத்தொன்று. தனிப்பிரிவு ஒன்றின் ரகசிய அலுவலர். பிரிவின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. எட்டு மாதமாக அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் 'சாந்தி' என்ற பெயரில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை பார்ப்பது. உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது தாமு என்கிற லேபர் கான்ட்ராக்டரை. தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து பெண்களைக் கூட்டி வருகிறவன். வந்ததும் அசல் சர்டிபிகேட்டுகளைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். வயதை ஏற்றிப் போலி ஆதார் அடித்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவான். ஊர் திரும்ப நினைத்தாலும் கையில் ஒரு காகிதம் இருக்காது அவர்களுக்கு.

போன வியாழக்கிழமை ரெய்டு வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள், புதன் காலை, கம்பெனி தையல் லைன் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம். வளர்மதியின் போஸ்டிங் ஆர்டர். போட்டோ, நிஜப் பெயர், பதவி எல்லாம். தாமு நம்பரிலிருந்து. கீழே ஒரு வரி: "இவ சாந்தி இல்ல, போலீஸ். பாத்துக்கோங்க."

வளர்மதி (இனி வ.) தப்பித்துவிட்டாள். எப்படி என்று எஸ்.பி.க்கே முழுசாகத் தெரியவில்லை. தாமு தலைமறைவு. ரெய்டு போச்சு.

"அந்த ஆர்டர் அவன் கைக்கு எப்படிப் போச்சுன்னு கண்டுபிடிக்கணும். கேஸ் உங்களுக்கு."

"அவங்க பிரிவே விசாரிக்கலீங்களா சார்?"

"விசாரிச்சு முடிச்சுட்டாங்க. ரெண்டே நாள்ல. அதான் எனக்கு உறுத்துது."

ஆர்டர் மொத்தம் மூன்று பிரதி.
1. சென்னை.
2. இங்கே அந்தப் பிரிவின் டி.எஸ்.பி.க்கு. சீல் வைத்த கவரில்.
3. ஆபீஸ் ஃபைல். பொறுப்பு ஏட்டு குப்புராஜ்.

பீரோ சாவி குப்புராஜிடம். அதனால் அவர்தான். சஸ்பெண்ட். இவ்வளவுதான் அவர்கள் விசாரணை.

அவருக்கு (வீட்டுக்காரருக்கு) எதுவும் சொல்லவில்லை. "என்ன, மொகமே சரியில்ல?" "காலர் ஈரம்."

நவம்பர் 5, புதன்

மழை விட்டிருக்கிறது. வெயில் இல்லை.

குப்புராஜ் வீடு. வயது ஐம்பத்து நாலு. கதவு பாதிதான் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க மேடம். முப்பது வருசம் இந்தக் கையில காயிதம் புடிச்சிருக்கறனுங்க. ஒரு காயிதம் வெளிய போனதில்லீங்க. அந்தப் புள்ள எம் பொண்ணு வயசுங்க."

அழவில்லை. கை மட்டும் லுங்கி நுனியை நீவி நீவிச் சரி செய்துகொண்டே இருந்தது.

வாட்ஸப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். வெகுநேரம். பிறகு நிமிர்ந்தார்.

"இது எம்பட காயிதம் இல்லீங்களே."

"எப்படிச் சொல்றீங்க?"

"மடிச்சிருக்குதுங்களே மேடம்! நான் எதையும் மடிக்க மாட்டனுங்க. ஃபைல்ல ஒரு காயிதம் மடங்குனா எனக்குச் சோறு எறங்காது."

பார்த்தேன். ஆமாம். குறுக்கே இரண்டு மடிப்புக் கோடு, லேசான நிழலாக. மூன்றாக மடித்த தாள். நேற்று பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். கண்ணில் படவில்லை.

"டி.எஸ்.பி. சாருக்கு வந்தது சின்னக் கவருங்க. தபால் ரிஜிஸ்டர்ல நாந்தான் ஏத்துனேன். மடிக்காம அதுக்குள்ள போவாதுங்க."

நேரே அவர்கள் ஆபீஸ். எஸ்.பி. கடிதம் காட்டி ஃபைலைத் திறக்கச் சொன்னேன். மூன்றாம் பிரதி உள்ளே பத்திரம். ஓரத்தில் இரண்டு பஞ்ச் ஓட்டை, மடிப்பே இல்லாமல் தட்டையாக. படத்தில் உள்ள தாளில் ஓட்டையே இல்லை.

சென்னைக்கும் போன். அவர்களுடையதும் ஃபைலில், ஓட்டை போட்டு. போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

மிச்சம் ஒன்று.

நவம்பர் 6, வியாழன்

டி.எஸ்.பி.யைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டரான எனக்கு மேல் பதவி. எழுந்து நின்று வரவேற்றார். ரொம்ப மரியாதை.

"உங்க பிரதி வேணுங்க சார்."

"அதை மார்ச்சுலயே எரிச்சுட்டனேம்மா. படிச்சதும் எரிக்கறது எங்க வழக்கம்."

"எரிச்சதுக்குப் பதிவு?"

"ரகசியத்துக்கெல்லாம் பதிவு போடுவாங்களா?" சிரிப்பு. "ஏனம்மா, குப்புராஜ விட்டுட்டு எங்கிட்ட வந்திருக்கறீங்க? பாவம் பாக்கறீங்களாட்ட இருக்குது. பொம்பளைங்க கேஸ் பாத்தா இதுதான் கஷ்டம்."

"டீ சாப்புடுங்க" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஜீப்பில் ஏறியதும் பிரிண்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சந்தேகம் இருக்கிறது, சாட்சி இல்லை. எரித்தேன் என்கிறவரை என்ன செய்ய? மடிப்புக்கோடு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு டி.எஸ்.பி.யைத் தொட முடியாது.

சாயங்காலம் ஒரு போன். மேலிடத்து ஆள். பெயர் எழுதவில்லை. "எதுக்கும்மா வளத்தறீங்க? ஏட்டு மேல போட்டு முடிங்க." "சரிங்க சார், பாக்கறேன்" என்றேன். பார்க்கத்தானே போகிறேன்.

வாங்க வேண்டியது: உளுந்து, ஷூ பாலிஷ், மூட்டு வலித் தைலம்.

நவம்பர் 7, வெள்ளி

வளர்மதியைப் பார்த்தேன். எந்த இடம் என்று எழுத வேண்டாம். ஒல்லி. பேச்சில் இன்னும் 'சாந்தி' கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பேசும்போதே என் துப்பட்டா ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "தையல் விட்டிருக்கு மேடம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

தப்பித்த கதை. அவள் சொன்னபடி:

பதினோரு மணி டீ நேரம். லைனில் ஜெசிந்தா என்று ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கம், காலர் வைக்கிற டெய்லர். அவள்தான் முதலில் படத்தைப் பார்த்தது. ஓடி வந்து காதுக்குள் சொன்னாளாம்: "சாந்தி, ஒனக்கு வயித்து வலி. கீழ விழு." வ.வுக்கு ஒன்றும் புரியவில்லை. "விழுன்னா விழுட்டீ!" விழுந்துவிட்டாள். நாலு பெண்கள் தூக்கிக்கொண்டார்கள். கேட்டில் அதற்குள் தாமுவின் ஆட்கள் மூன்று பேர், கையில் போனோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. ஜெசிந்தா வ.வின் முகத்தின் மேல் தன் ஷாலைப் போட்டு மூடிவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறாள்: "பொம்பள சமாச்சாரம்! தள்ளி நில்லுங்கடே, வெக்கமா இல்ல?" மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டுவிட்டார்கள். ஆட்டோ. பல்லடம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து எஸ்.பி.க்குப் போன்.

"அவளுக்குத் தெரியும் மேடம், நான் போலீஸ்னு. படத்தப் படிச்சுட்டுத்தான் வந்தா. எட்டு மாசம் பொய் சொல்லியிருக்கேன் அவகிட்ட. ஏன் காப்பாத்தினான்னு கேக்கக்கூட நேரம் இல்ல."

அப்போதுதான் கண் கலங்கினாள். பயத்துக்கு அழாதவள் இதற்கு அழுகிறாள்.

ஜெசிந்தா இன்னும் அதே கம்பெனி. தாமு கூட்டி வந்த பெண்கள் தங்கும் லேடீஸ் ஹாஸ்டல். அவளுக்கு என்ன ஆகுமோ.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். கை வேகமாக ஓடுகிறது.

காலையில் ராயபுரம், அண்ணன் வீடு. அண்ணனுக்கு நிட்டிங் மிஷின் ஆறு. நூலைத் துணியாக ஓட்டித் தரும் ஜாப் ஒர்க். நான் போலீசில் சேர்ந்ததில் இன்னும் மனத்தாங்கல். போனால் சாப்பாடு மட்டும் தவறாது. அண்ணி இட்லி வைத்தார். நான் தட்டுக்குப் பக்கத்தில் பிரிண்ட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளுக்கு அடியில் ஏதோ துணி தெரிகிறது. நீலத்தில் சின்னச் சின்ன நங்கூரம். மேஜை விரிப்பு என்று நினைத்து விட்டிருந்தேன்.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, நம்ம துணிய எதுக்கு போட்டோ புடிச்சு வச்சிருக்கறே?"

"நம்ம துணியா?"

"பின்ன? இதப் பாரு. ரெண்டு கோடு நெட்டுக்க ஓடுதா? ரெண்டு வெரல் எடவெளி. மிசின்ல ஊசி ஒடிஞ்சு போனா இப்பிடித்தான் துணி பூரா கோடு விழுகும். நம்ம நாலாம் நம்பர் மிசின்ல ஒரே நாள்ல ரெண்டு ஊசி போச்சு. ஆரும் பாக்காம ஒரு லாட்டே ஓட்டிப் போட்டாங்க. பிரிண்ட் அடிச்சதுக்கப்பறம் பார்ட்டி கண்டுபுடிச்சு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டான். அந்த நங்கூரத்தப் பாத்தாலே எனக்கு வவுறு எரியுது."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அந்தத் துணி எங்கண்ணா போச்சு?"

"ஒரே ஆளு அள்ளிட்டுப் போயிட்டான். அருள்புரத்துல லேடீஸ் ஆஸ்டல் நடத்தறானே, அவன். தலகாணி உறை தைக்கறதுக்குன்னு. இந்தப் பிரிண்ட்டு வேற ஆருகிட்டயும் இல்ல. நான் சத்தியம் பண்றேன்."

அந்த ஹாஸ்டல்! தாமுவின் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். ஜெசிந்தா இருக்கும் ஹாஸ்டல்.

மத்தியானம் ஹாஸ்டலின் பத்திரம், லைசென்ஸ் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலு மணிக்குப் பதில். உரிமையாளர் டி.எஸ்.பி.யின் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

மார்ச்சில் எரித்த தாள், அக்டோபரில் மச்சினன் ஹாஸ்டல் தலையணை மேல் படுத்திருக்கிறது.

காலையில் அங்கிருந்து கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். "இது பெரிய கேஸா அம்மிணி?" "ஆமாண்ணா." "எம்பட பேரு வருமா?" "சாட்சியா வரும்." வேட்டியை மடித்துக் கட்டினார். "வரட்டும் போ. துணி நாந்தான் ஓட்டுனேன்னு எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

இருபது வருஷத்தில் என் வேலையைப் பற்றி அண்ணன் கேட்ட முதல் கேள்வி.

நவம்பர் 9, ஞாயிறு

ஹாஸ்டல் பெண்களை வேலை தவிர ஞாயிறு மட்டும்தான் வெளியே விடுவார்கள். அதுவும் சர்ச்சுக்குப் போகிறவர்களை. வார்டன் கூடவே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

சேலை கட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பக்கம், கடைசி வரிசை, ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில். வ. காட்டிய போட்டோவைவிடச் சின்ன முகம். பாட்டு நடக்கும்போது மெதுவாகச் சொன்னேன், யார் நான் என்று. பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எம் பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டு அவன்கிட்ட கெடக்கு. என்ன வுட்டுருங்க."

"தலகாணி உறையில நங்கூரம் போட்டிருக்குமா?"

புத்தகத்தை மூடினாள்.

"சாந்தி எங்கருக்கா? உசுரோட இருக்காளா?"

"இருக்கா."

"அவ கேட்டா சொல்லுதேன். நீங்க கேட்டா சொல்ல மாட்டேன்."

பின்பக்கக் கதவு வழியாகப் பாத்திரம் கழுவும் இடம். என் போனில் வ.வைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் போட்டேன். வ.வின் குரல்: "ஜெசி, எம்பேரு வளர்மதி."

"தெரியும். படத்துல பாத்தேன். நான் சாந்தின்னே கூப்புடுதேன்."

"ஏன் ஜெசி என்னைக் காப்பாத்துன? நான் பொய் சொன்னவ."

"ரெண்டு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன்ல. எம் பீஸையும் சேத்துப் பாத்து எனக்கு வேல போவாம வச்சது யாரு? அது பொய்யா?"

அப்புறம் சொன்னாள். படம் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். வெள்ளைக் கார். கண்ணாடி போட்ட ஒருத்தர். வார்டன் எழுந்து நின்றாளாம். தாமுவும் உள்ளே. ஜெசிந்தாதான் டீ கொண்டுபோனது. "அந்தக் கண்ணாடிக்காரரு வார்டன் கட்டில்ல உக்காந்திருந்தாவ. தலகாணிய மடியில வச்சு, அதும்மேல ஒரு பேப்பர விரிச்சுப் புடிச்சாவ, தாமு அண்ணன் போட்டோ எடுத்தாவ. மறுநா குரூப்புல படம் வந்ததும் தலகாணியத்தான் மொதல்ல பாத்தேன். அப்புறந்தான் சாந்தி மூஞ்சி."

ஆறு போட்டோக்களைக் கலந்து காட்டினேன். யோசிக்கவேயில்லை. டி.எஸ்.பி.யின் மேல் விரலை வைத்தாள்.

"மாஜிஸ்ட்ரேட் முன்னால சொல்வியாம்மா?"

"சாந்தி கூட வருவாளா?"

"வருவா."

"அப்பஞ் சரி."

அவளைத் திரும்ப ஹாஸ்டலுக்கு விடவில்லை. அங்கிருந்தே பெண் போலீஸ் இருவரோடு பத்திரமான இடத்துக்கு. வார்டன் வாசலில் உட்கார்ந்தே இருந்தாள். அவளையும் கூட்டிப்போனோம். ஹாஸ்டலிலிருந்து எதுவும் வெளியே போகாமல் சுற்றிலும் மஃப்டியில் ஆள் போட்டாயிற்று.

நவம்பர் 10, திங்கள்

காலை ஆறரை மணி. சோதனை வாரண்டோடு ஹாஸ்டல். எஸ்.பி. தானே வந்தார்.

கிடைத்தவை:
நங்கூரத் தலையணை உறை, கட்டிலுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு கோடு. அண்ணன் கூட வந்து ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவி, "நம்முளுது... நம்முளுது..."
வார்டன் அறை இரும்புப் பெட்டி. உள்ளே பத்தாம் வகுப்பு, சாதிச் சான்று, அசல் ஆதார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக.
போலி ஆதார் அடிக்கும் பிரிண்டர். சூடு ஆறாமல்.

பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்து முதல் பெயரை வாசித்தேன். இரண்டாவது தடவை வாசித்தேன். மூலையிலிருந்து ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி, "உள்ளேன் அம்மா." அதற்கப்புறம் பெயர் வாசிக்க வாசிக்கக் கூட்டமே பதில் சொன்னது. லிஸ்ட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு அசலை அவரவர் கையில் கொடுக்க எஸ்.பி. அங்கேயே உத்தரவு போட்டார்.

மத்தியானம் இன்னும் ஒன்று. உடுமலைப்பேட்டையிலிருந்து போன். தாமு ஒரு தென்னந்தோப்புச் சாளையில், ஓலைக் குடிசையில், ஒளிந்திருந்தானாம். மோட்டார் போட வந்த தோட்டக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னாராம். பிடித்தாயிற்று. போனும் கையோடு.

போனில் முழுப் படம். வெட்டாதது. தாள், தலையணை, நங்கூரம். மேல் ஓரத்தில் மூக்குக்கண்ணாடியோடு டி.எஸ்.பி.யின் பாதி முகம்!

ஜீப்பில் டிரைவர் இருக்கிறார் என்று கூடப் பார்க்காமல் விசில் அடித்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பத்தே முக்கால். டி.எஸ்.பி. ஆபீஸ். எஸ்.பி. முன்னால், நான் பின்னால்.

அதே மரியாதை. எழுந்து நின்றார். "வாங்க சார். டீ சொல்லட்டுங்களா?"

எஸ்.பி. என்னைப் பார்த்தார். "நீங்களே காட்டுங்கம்மா."

படத்தை மேஜையில் வைத்தேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். அவர் முகம்தானே, எத்தனை துடைத்தாலும் அதேதான் இருக்கும்.

"இது... ஒரு குடும்ப விசயம்மா. மச்சினன் கேட்டான்னு..."

"அந்தப் பொண்ணு செத்திருப்பாளே சார்" என்றேன்.

கைது. அரசு ரகசியச் சட்டம், கூட்டுச்சதி, மற்றவை. மச்சினனும் உள்ளே. ஜெசிந்தா மாஜிஸ்ட்ரேட் முன் ஒன்றேகால் மணி நேரம் பேசினாள், ஒரு இடத்திலும் தடுமாறாமல். வ. வெளியே பெஞ்சில். முடிந்து வந்ததும் ஜெசிந்தா கேட்ட முதல் கேள்வி, "பசிக்கி. பரோட்டா கெடைக்குமா?"

மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் நாலு.

மேலிடத்து ஆள் இன்று போன் செய்யவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தூறல்.

குப்புராஜின் சஸ்பென்ஷன் ரத்து. உத்தரவை நானே கொண்டுபோனேன். கவருக்குள் போடாமல் அட்டை வைத்து, தட்டையாக. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று சத்தமாக வாசித்தார், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்க வேண்டும் என்றே. அவர் மனைவி இந்தத் தடவை என்னைப் பார்த்தார். "சாப்டுட்டுத்தான் போவோணுங்க. இல்லீன்னா உட மாட்டேன்."

கோர்ட்டில் டி.எஸ்.பி.க்கு ஜாமீன் மறுப்பு.

ஒரு கசப்பு: வ. இனி ரகசிய வேலைக்குப் போக முடியாது. முகம் ஊருக்கே தெரிந்துவிட்டது. எட்டு வருஷ சர்வீசில் கற்ற வேலை. "பரவால்ல மேடம், எம்பேர்லயே இருந்து பாக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும்.

எஸ்.பி.யிடம் பேசினேன். அருள்புரம் அவள் எல்லைக்குள் வருகிற மாதிரி ஸ்டேஷன் போஸ்டிங்.

நவம்பர் 17, திங்கள்

வ.வுக்குப் புது ஸ்டேஷனில் இன்று முதல் நாள். நானும் போயிருந்தேன். எட்டரைக்கு யூனிஃபார்மில் வந்தாள். பெல்ட் ஒரு ஓட்டை லூஸ். எட்டு மாதம் கம்பெனிச் சாப்பாடு. வாழ்த்திவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன்.

வாசலில் கம்பெனி வேன். ஷிஃப்ட்டுக்குப் போகிற வழி. இறங்க இறங்கப் பெண்கள். அவளுடைய லைன் முழுக்க, ஹாஸ்டலிலிருந்து வந்தவர்கள், வேறு கம்பெனிக்காரர்கள்கூட. பாரா நின்ற காவலர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நாற்காலி ஐந்துதான். மீதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். வ.வும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஸ்டார், விசில், பெயர்ப்பட்டை. ஒருத்தி பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒடிஷாப் பெண் ஒருத்தி, "சாந்தி தீதி, சாந்தி அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டீக்குச் சொன்னேன்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "யக்கா, டீ அப்புறம். நாங்க சும்மா பாக்க வரல." ஷாலை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தாமு ஒருத்தன் மட்டும் இல்ல. அவன மாதிரி இன்னும் நாலு பேரு இருக்கானுவ. எல்லாரும் புகார் எழுதிக் குடுக்கத்தான் வந்திருக்கோம். மொதல்ல எங்களுத எழுதிக்கிட்டு அப்புறம் டீ தாங்க."

வரிசை போட்டு நின்றார்கள். பன்னிரண்டாவது ஆளோடு ஸ்டேஷனில் வெள்ளைத்தாள் தீர்ந்துபோனது. இன்னும் முப்பது பேராவது இருப்பார்கள். எதிர்க்கடை பூட்டியிருக்கிறது. நான்தான் பல்லடம் போய் வாங்கி வர வேண்டும். ரெண்டு கட்டு. வேண்டாம், மூன்றாகவே வாங்கிவிடலாம்.